கட்டைக்குள்ளே ரெண்டு குடும்பம்!

சேலத்திலிருந்து பனமரத்துப்பட்டிக்குக் காலை நேரத்து பஸ்ல போயிருக்கீங்களா? அரளி மொட்டு மூட்டை மூட்டையா எதிர்ல வர்ற வண்டியில சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கும். ஒரு பக்கம், ஒரு காலத்துல சேலத்துக்கே குடிதண்ணி கொடுத்த ஏரி. தலையைத் தூக்கினா ஜருகுமலை. அந்த ஊர் ஃப்ரெண்ட் யாராவது உங்க கிளாஸ்ல இருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க தோட்டத்துக்குப் போங்க. இளநி வெட்டித் தரச் சொல்லிக் குடிச்சிட்டு, அப்படியே எருக்குழிப் பக்கம் போய் ஒரு குச்சியால கிளறிப் பாருங்க.

கட்டைவிரல் தண்டிக்கு, வெள்ளைவெளேர்னு, சுருண்டு படுத்திருக்கும் ஒரு புழு. தென்னைமரத்துக் குருத்தையே துளைச்சுப் போடுமே காண்டாமிருக வண்டு, அதோட பிள்ளை! அம்மா முட்டை போட்டுட்டுக் கிளம்பியாச்சு. அப்பாவா? கேக்கவே வேணாம். மட்கின எருதான் அதுக்குத் தாய், தகப்பன் எல்லாம்.

அப்புறம் உங்க ஹாஸ்டல் ரூமுக்கு வாங்க. கட்டிலுக்கு அடியில இருக்கற சூட்கேஸை நகர்த்துங்க. சர்ருனு ஓடுதே, அந்தக் கரப்பான் மட்டும் என்ன ரொம்பப் பாசக்காரியா? காப்பி கலர்ல ஒரு குட்டி முட்டைப் பையை அலமாரி மூலையில ஒட்டிட்டு, அது பாட்டுக்கு மெஸ் பக்கம் கிளம்பிடும். பிள்ளைங்க பொறந்தாச்சா, சாப்பிட்டுச்சா... எந்தக் கவலையும் கிடையாது.

ஆக, நமக்குத் தெரிஞ்ச வண்டுக்கும் சரி, கரப்பானுக்கும் சரி, குடும்பம்ங்கற மேட்டரே இல்லை. ஆனா இதே ரெண்டு வம்சத்துலயும் மலையில சில சொந்தக்காரங்க இருக்காங்க. பழகினா விடமாட்டாங்க! ஒரே ஜோடி, ஒரே வீடு, பிள்ளைங்க வளர்ற வரைக்கும் அப்பாவும் அம்மாவும் கூடவே. அந்த வீடு எது தெரியுமா? விழுந்து மட்கிப்போன மரக்கட்டை.

யார் எவர்னு கண்டுபிடிங்க!

முதல்ல வண்டு. பாஸலிட்னு ஒரு பெரிய குடும்பம். தமிழ்ல தனிப் பேர் இல்லாததால, இந்தக் கட்டுரைக்கு மட்டும் 'கட்டை வண்டு'ன்னு வெச்சுக்குவோம். பெரும்பாலும் ரெண்டு செ.மீ.லேர்ந்து அஞ்சு செ.மீ. வரைக்கும் நீளம். பாலிஷ் போட்ட ஷூ மாதிரி பளபளன்னு கறுப்பு. முதுகுல சீப்பால கோடு கிழிச்ச மாதிரி வரி வரியா பள்ளம். கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவுல இடுப்பு மாதிரி ஒரு இடைவெளி. நம்ம நீலகிரியோட பேரையே இனிஷியல் மாதிரி வெச்சுக்கிட்டு ஒரு இனம் இருக்கு: எபிஸ்பீனஸ் நீலகிரியென்சிஸ்.

அடுத்தது கரப்பான். பானெஸ்தியா, சால்கனியான்னு ரெண்டு மூணு கிளை. இந்தியாவிலேர்ந்து தென்கிழக்கு ஆசியா வழியா ஆஸ்திரேலியா வரைக்கும் பரவியிருக்கு. இதுவும் கறுப்பு, இதுவும் பளபளப்பு, கெட்டியான ஓடு, கட்டையைக் குடைய முள்ளு முள்ளா கால். 'ஐயோ கரப்பான்!'னு நாற்காலி மேல ஏறுறவங்ககூட இதைப் பார்த்தா வண்டுன்னுதான் நினைப்பாங்க. விஞ்ஞானிகளுக்கே அப்படித்தான் பட்டிருக்கு. ஒரு இனத்துக்கு சால்கனியா பாஸலாய்டஸ்னு பேர் வெச்சாங்க. 'பாஸலிட் மாதிரி இருக்கறது'ன்னு அர்த்தம்.

இத்தனைக்கும் வண்டு வம்சமும் கரப்பான் வம்சமும் பிரிஞ்சு 30 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. டைனோசர் வர்றதுக்கும் முன்னாடி பாகம் பிரிச்ச பங்காளிங்க, இப்போ ஒரே மாதிரி சட்டை போட்டுக்கிட்டு, ஒரே மாதிரி வீட்டுல குடியிருக்காங்க. ஏன்? வீடும் சாப்பாடும் ஒண்ணா இருந்தா, உடம்பும் பழக்கமும் அதுக்கு ஏத்த மாதிரி மாறிடும். பூச்சிக்கு மட்டுமில்ல, நாலு வருஷம் ஹாஸ்டல்ல இருந்து பாருங்க... புரியும்!

எழும்பூர்ல ஒரு வண்டு மனுஷன்

நம்ம பக்கத்துக் கட்டை வண்டுகளை ஒழுங்கா உட்கார்ந்து படிச்சவர்னு ஒருத்தரைச் சொல்லணும்னா, எஃப்.எச்.கிரேவ்லி. கல்கத்தா இந்தியன் மியூசியத்துல வேலை பார்த்தப்போ, 1914-ல் ஆசியப் பகுதி பாஸலிட் வண்டுகளைப் பத்திப் பெரிய ஆய்வு வெளியிட்டார். 1918-ல் உலகத்துல இருக்கற மொத்த பாஸலிட் குடும்பத்தையும் மறுபடி வகைப்படுத்தப் பார்த்தார். 1920-ல் சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு சூப்பிரண்டா வந்து, 1940 வரைக்கும் அங்கேயே இருந்தார்.

இங்கே வந்தவர் என்ன பண்ணார் தெரியுமா? டி.என்.ராமச்சந்திரனோட சேர்ந்து 1932-ல் அந்த மியூசியத்து செப்புத் திருமேனிகளுக்கு ஒரு கேட்டலாக் போட்டார். கோயில் கட்டடக்கலை பத்தியும் எழுதினார். வண்டு முதுகுல கோடு எண்ணின கண்ணு, நடராஜர் சிலையில இடுப்புக் கச்சை மடிப்பையும் எண்ணியிருக்கு! 'நான் ஜுவாலஜி, எனக்கு ஹிஸ்டரி வராது'ன்னு சொல்ற பார்ட்டிங்க ஒரு நிமிஷம் யோசிங்கப்பா. அடுத்த தடவை எழும்பூர் மியூசியத்துல வெண்கலச் சிலை கூடத்துக்குள்ள நுழையும்போது இந்த வண்டு மனுஷனை நினைச்சுக்கோங்க.

மரத்தைத் தின்னு பார்த்தா தெரியும்

சரி, ஏன் இந்த ரெண்டு பேருக்கு மட்டும் குடும்பம் அமைஞ்சது? காரணம், சாப்பாடு.

மரம்ங்கறது ரொம்ப மோசமான சாப்பாடு. செல்லுலோஸும் லிக்னினும்தான் மொத்தமும். அதை உடைக்கறதே பெரும்பாடு. அப்படியே உடைச்சாலும் நைட்ரஜன் பேருக்குத்தான் இருக்கும். நைட்ரஜன் இல்லைன்னா புரதம் இல்லை. புரதம் இல்லைன்னா வளர்ச்சி இல்லை. தினமும் மூணு வேளை வெறும் ரசஞ்சாதம் மட்டும் போடற மெஸ்ஸை நினைச்சுக்கோங்க. வயிறு ரொம்பும், உடம்பு ஏறாது. அதான் மரம் தின்னு வளர்றதுக்கு ரொம்ப நாள் பிடிக்கும். பொடிசுகளால அதைத் தனியா சமாளிக்கவும் முடியாது. யாராவது ஊட்டணும்.

கட்டை வண்டு கண்டுபிடிச்ச வழி கொஞ்சம் 'உவ்வே' ரகம். சாப்பிட்டுக்கிட்டே படிக்கறவங்க இந்தப் பாராவைத் தாண்டிடுங்க. அப்பாவும் அம்மாவும் கட்டையைக் கடிச்சு, மென்னு, தூளாக்கித் தின்னும். அது கழிவா வெளிய வந்து சுரங்கத்துத் தரையில கிடக்கும். அதுல பாக்டீரியாவும் பூஞ்சையும் வேலை செஞ்சு, மரத்தூளைப் பக்குவப்படுத்தி, சத்தையும் ஏத்தி வைக்கும். பிள்ளைங்களுக்கு அதுதான் சாப்பாடு. பெரியவங்களும் அதையே திரும்பத் தின்னுக்கும். நம்ம வீட்டு மாடு என்ன செய்யுது? வைக்கோலைத் தின்னு வயித்துக்குள்ளயே ஊற வெச்சு, அப்புறம் அசைபோடுது இல்லையா? கட்டை வண்டுக்கு அந்த முதல் வயிறு உடம்புக்கு வெளிய, வீட்டுத் தரையில இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை 'சீ'ன்னு ஒதுக்கிடாதீங்க. அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல இந்த வண்டோட குடலைப் பல வருஷமா ஆராய்ஞ்சாங்க. குடல் நாலு பகுதியா இருக்கு. ஒவ்வொரு பகுதியிலும் ஆக்சிஜன் அளவு வேற, வேலை செய்யற நுண்ணுயிர் கூட்டமும் வேற. காத்துல இருக்கற நைட்ரஜனையே பிடிச்சுச் சத்தா மாத்தற நுண்ணுயிர்களும் உள்ளே இருக்கு. 2019-ல் வந்த அவங்க ஆய்வோட இலக்கு என்ன? மரக்கழிவு, வைக்கோல் மாதிரி பொருள்லேர்ந்து எரிபொருள் எடுக்க வண்டுகிட்ட ஃபார்முலா கேக்கறதுதான்!

கட்டை வண்டு வீட்டுல இன்னொரு விசேஷம், பேச்சு. இருட்டுக்குள்ள முகம் தெரியாதே? அதனால சத்தம். பெரியவங்க றெக்கையை வயித்துல தேய்ச்சு 'கீச் கீச்'னு பேசும். வட அமெரிக்காவுல இருக்கற ஒரு இனம் மட்டும் 14 விதமான ஒலி எழுப்புதுன்னு பதிவு செஞ்சிருக்காங்க. கோவத்துக்கு ஒண்ணு, காதலுக்கு ஒண்ணு, 'யாருடா அது?'ன்னு கேக்க ஒண்ணு. அதுல ஒண்ணு முத்தச் சத்தம் மாதிரியே இருக்குமாம்... கவனிக்க! புழுவும் சும்மா இருக்காது. அதோட மூணாவது ஜோடிக் கால் நடக்கறதுக்கே லாயக்கில்லாத குட்டை மொட்டைக்கால். அதை ரெண்டாவது கால் அடியில தேய்ச்சு 'நான் இங்கே இருக்கேன்'னு குரல் கொடுக்கும்.

பிள்ளை கூட்டுப்புழு ஆகற நேரம் வந்தா, அதைச் சுத்திப் பெரியவங்க மரத்தூளால ஒரு அறை கட்டும். முன்னாடியே பொறந்து, இன்னும் கறுக்காம செம்பழுப்பு நிறத்துல இருக்கற அண்ணன், அக்காங்களும் ஓட்டை விழுந்தா அடைச்சுக் கொடுக்கும். தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தல் போடற மாதிரி, வீடே சேர்ந்து வேலை பார்க்கும்.

றெக்கையைத் தின்ற காதல்

இப்போ கரப்பான் வீட்டுக்கு வருவோம். இங்கே முட்டைப் பையை மூலையில ஒட்டற கதையே இல்லை. அம்மா அதை உடம்புக்குள்ளயே பத்திரமா வெச்சிருந்து, பிள்ளைகளா வெளிய விடும். ஜப்பான்ல இருக்கற சால்கனியா கரப்பான்களைக் கண்ணாடிக்குள்ள வெச்சு கவனிச்சாங்க. குஞ்சுங்க பெத்தவங்க வாய்கிட்ட போய் நிக்கும், அதுங்க வாயிலேர்ந்து வர்ற திரவத்தைக் குடிக்கும். காக்கா குஞ்சுக்கு ஊட்டற மாதிரி! ஊட்டறது அம்மா மட்டும் இல்லை, அப்பாவும்தான்.

ஆனா இந்த வீட்டுல ஹைலைட் வேற. 2021-ல் கியூஷூ பல்கலைக்கழகத்துலேர்ந்து ஹருகா ஒசாகி, எய்ட்டி கசுயான்னு ரெண்டு பேர் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சால்கனியா தைவானென்சிஸ் கரப்பான் ஜோடி சேர்ந்ததும், ஆண் பெண்ணோட றெக்கையையும், பெண் ஆணோட றெக்கையையும் மாத்தி மாத்தித் தின்னுடும். அடிக்கட்டை வரைக்கும்! போன றெக்கை திரும்ப முளைக்காது. அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க ரெண்டு பேரும் பறக்க முடியாது.

சிலந்தி, கும்பிடுபூச்சி வீட்டுல பெண் ஆணைத் தின்னுடற கதை உங்களுக்குத் தெரியும். அது ஒன் சைடு. இங்கே ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் தின்னுக்கறாங்க, ரெண்டு பேரும் உயிரோட குடும்பம் நடத்தறாங்க. ஏன் இப்படி? யோசிச்சுப் பாருங்க. கட்டைக்குள்ள குடியேறிட்டா பறக்கற வேலையே இல்லை. குறுகலான சுரங்கத்துல றெக்கை மாட்டிக்கும், பூஞ்சை பிடிக்கும். தவிர, வாழ்நாள் முழுக்க இதே ஜோடிதான்னு ஆனப்புறம், உனக்கு நல்லதுன்னா எனக்கும் நல்லது. ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்த என்ன இருக்கு? ஆராய்ச்சியாளர்கள் சொல்ற விளக்கம் இந்தப் பக்கம்தான் போகுது. நான் பார்த்த 'லவ் மேரேஜ்' சிலது இந்த அளவுக்கு உறுதியா இல்லைங்கறதையும் சொல்லிடறேன்!

ஈசல் பொரி சாப்பிட்டிருக்கீங்களா?

றெக்கையை விட்டுட்டு ஜோடியா வீடு புகற வேற ஒரு பூச்சியை நீங்க நல்லாவே பார்த்திருக்கீங்க. மழை விட்ட சாயந்திரம் டியூப்லைட்டைச் சுத்தி மொய்க்குமே, ஈசல். றெக்கையை உதிர்த்துட்டு ரெண்டு ரெண்டா மண்ணுக்குள்ள போகும். ஈசல்னா றெக்கை முளைச்ச கரையான். கரையான்னா?

கரப்பான்! சத்தியமா. 2007-ல் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்துக்காரங்க மரபணுவை ஒப்பிட்டு, கரையானுக்குத் தனி வரிசையே வேணாம், அது கரப்பான் குடும்பத்துக்குள்ள ஒரு கிளைன்னு எழுதினாங்க. கரையானுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம், அமெரிக்கா, சீனா, கொரியா மலைக்காடுகள்ல மட்கின கட்டைக்குள்ள குடும்பமா வாழற கிரிப்டோசெர்க்கஸ்ங்கற கரப்பான். அதாவது, நாம பால் ஊத்திக் கும்பிடற புத்தைக் கட்டினது ஒரு வகை கரப்பான். பாட்டி வறுத்துக் கொடுத்த ஈசல் பொரியும்... சரி, விடுங்க. ருசியா இருந்துச்சா இல்லையா?

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. கட்டைக்குள்ள குடும்பம் நடத்தினதுல கரப்பான் வம்சத்துக் கிளை ஒண்ணு ராஜா, ராணி, சிப்பாய், வேலைக்காரன்னு லட்சக்கணக்குல சாம்ராஜ்யமே கட்டிடுச்சு. கட்டை வண்டு மட்டும் ஏன் சின்னக் குடும்பமாவே நின்னு போச்சு?

விடை பிள்ளைங்ககிட்ட இருக்குன்னு நினைக்கிறேன். கரப்பான் குஞ்சு பொறக்கும்போதே அப்பா அம்மா மாதிரியே குட்டி உருவம். ஆறு காலும் வேலை செய்யும், கொஞ்ச நாள்ல வாயும் வேலை செய்யும். அதனால சின்ன வயசுலேயே வீட்டு வேலையில இறக்கி விடலாம். கரையான் புத்துல ஓடி ஆடி உழைக்கறதுல பாதிக்கு மேல வயசுக்கே வராத பொடிசுங்கதான். வண்டுப் பிள்ளை அப்படியா? அது புழு. வளர்ற வரைக்கும் தின்னும், அப்புறம் கூட்டுப்புழுவா தூங்கும். வேலைக்கு லாயக்காகறதுக்குள்ள வளர்ந்த வண்டாவே ஆகியிருக்கும், தனிக்குடித்தனம் போற ஆசையும் வந்திருக்கும். போதாக்குறைக்கு, கரையான் ஒவ்வொரு தடவை தோலுரிக்கும்போதும் குடலோட உள்தோலும் கழண்டு, மரத்தைச் செரிக்க வைக்கற நுண்ணுயிரும் போயிடும். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட திரும்ப வாங்கணும். வீட்டை விட்டு ஓடிப் போகவே வழியில்லை! வண்டு வம்சத்துலயும் ஆஸ்திரேலியாவுல யூகலிப்டஸ் மரத்தைத் துளைக்கற ஒரு வண்டு காலனி அளவுக்குப் போயிருக்கு. ஆனா அது விதிவிலக்கு.

ஆலமரத்தடியில ஒரு ஸ்டூடன்ட்

றெக்கை போனா என்ன பிரச்னைன்னு கேக்கறீங்களா? ஜருகுமலைப் பக்கம் நின்னு சுத்திப் பாருங்க. அங்கே சேர்வராயன் மலை. இங்கே போதமலை. அந்தப் பக்கம் கொல்லிமலை. நடுவுல? கொளுத்தற வெயில்ல காய்ஞ்ச சமவெளி, ரோடு, தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை. ஈரக்கட்டைக்குள்ள வாழற, பறக்கத் தெரியாத ஒரு பூச்சிக்கு ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. மலை உச்சியில வாழற சில கட்டை வண்டுகளுக்கும் பறக்கற திறன் போயிடுச்சு. ஒரு மலையில இருக்கற பெரிய கட்டைகள் காலியானா, பக்கத்து மலையிலிருந்து நடந்து வந்து குடியேற ஆள் வராது.

நிஜத் தீவுலயே இது நடந்திருக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து சுமார் 600 கி.மீ. தள்ளி லார்ட் ஹோவ்னு ஒரு மலைத்தீவு. அங்கே பானெஸ்தியா லேட்டாங்கற, றெக்கை இல்லாத, மரம் தின்னும் கரப்பான் இருந்துச்சு. 1918-ல் ஒரு கப்பல் தரைதட்ட, அதுலேர்ந்து எலிங்க இறங்கிச்சு. கொஞ்ச வருஷத்துல தீவுல கரப்பானைக் காணோம். பக்கத்துல இருக்கற ரெண்டு குட்டித் தீவுகள்ல மட்டும்தான் மிச்சம்னு முடிவு பண்ணிட்டாங்க. 2019-ல் எலிகளை ஒழிக்கற வேலையில பெரிசா இறங்கினாங்க. 2022 ஜூலை மாசம் சிட்னி பல்கலைக்கழக மாணவர் மாக்சிம் ஆடம்ஸ் அங்கே போனார். பெரிய ஆலமரம் ஒண்ணுக்கு அடியில முதல் கல்லைப் புரட்டினார். கீழே இருந்துச்சு! 80 வருஷத்துக்கு மேல யாரும் பார்க்காத கரப்பான் கூட்டம். மரபணுவைப் பார்த்தா, குட்டித் தீவுல இருக்கறதுலேர்ந்து இது வித்தியாசமாவும் இருந்துச்சு. உங்க வயசுப் பையன், புரட்டினது ஒரே ஒரு கல்லு.

நம்ம மலையில எலியை விட விறகுதான் பெரிய விஷயம். விழுந்த மரம்னா அது அடுப்புக்கு. இல்லாட்டி 'க்ளீனா இருக்கட்டும்'னு எஸ்டேட்ல அறுத்து அகற்றிடுவாங்க. குளிர்ல சமைக்கறவங்ககிட்ட போய் 'கட்டையைத் தொடாதே'ன்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. சுள்ளி பொறுக்கறதால இவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இவங்களுக்கு வேண்டியது ஒரு ஆள் கட்டிப்பிடிக்கற தண்டிக்கு, நிழல்ல, ஈரமா, வருஷக்கணக்கா கிடக்கற அடிமரம். ஏக்கருக்கு ரெண்டு மூணை விட்டு வெச்சாலே பல தலைமுறை ஓடிடும். மட்கி முடிஞ்சதும் அது அந்த மண்ணுக்கே உரம்.

ஏற்காட்டுலயோ கொல்லிமலையிலயோ காப்பித்தோட்டம் வெச்சிருக்கற மாமா, சித்தப்பா யாராவது உங்களுக்கு இருந்தா, அடுத்த செமஸ்டர் லீவுக்கு அங்கே போங்க. (ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையாதீங்க, கேஸ் ஆயிடும்.) தோட்டத்து ஓரத்துல மட்கின கட்டை ஏதாவது கிடந்தா, முதல்ல குச்சியால தட்டுங்க, பாம்பு, தேள் இருக்கலாம். மெதுவா உங்க பக்கமா புரட்டுங்க, அப்போ ஏதாவது ஓடினாலும் எதிர்ப்பக்கமா ஓடும். கறுப்பா பளபளன்னு ஏதாவது தெரிஞ்சா, பக்கத்துல ஒரு ரூபாய்க் காசை வெச்சு போட்டோ எடுங்க. என்ன மரம், எந்த இடம், என்ன தேதின்னு எழுதி, உங்க காலேஜ் ஜுவாலஜி டிபார்ட்மென்ட்ல காட்டுங்க. கட்டையைக் காதோரம் வெச்சுக் கேளுங்க, 'கீச் கீச்'னு கேட்டா வண்டு வீடு. அப்புறம் கட்டை எப்படி இருந்துச்சோ, அதே பக்கம் மண்ணுல படற மாதிரி திருப்பி வெச்சுடுங்க. புழு இருந்தா எடுத்துப் பார்க்க ஆசை வரும், வேணாம். பெத்தவங்க ரெண்டு பேரும் உள்ளேதான் இருப்பாங்க.